"ஏன்ணா எப்பவும் பொண்ணாவே ஆடுற?"

கேள்வி: எனக்கு வயது 29. வேலை முடிந்து வந்தால் ரோல் பிளேயிங் கேம்கள்தான் (ஒரு கேரக்டராக மாறிக் கதைக்குள் ஆடுபவை) பொழுதுபோக்கு. எந்த கேமை எடுத்தாலும் பெண் கேரக்டரைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். உட்கார்ந்து பொறுமையாக முகத்தைச் செதுக்குவேன்; அப்புறம் நல்ல ஹெல்மெட் ஒன்று கிடைத்ததும் மாட்டி மூடிவிடுவேன். ஆண் கேரக்டரிலும் ஆடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் நான் என்ன சொல்வேனோ அதையே அவனும் சொல்கிறான்; பாதியில் அலுத்துவிடுகிறது.

போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை, "ஏன்ணா எப்பவும் பொண்ணாவே ஆடுற?" என்று கேட்டாள். சட்டென்று, "கேம் முடியிற வரைக்கும் முதுகைப் பார்த்துட்டே ஓடணும், பொண்ணு முதுகா இருந்தா நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது, எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து எனக்கே என்மேல் சந்தேகம். இப்போது 'பால்டர்ஸ் கேட் 3' வாங்கி, கேரக்டர் உருவாக்கும் திரையைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். ஆணா, பெண்ணா?

இன்னொன்று: ஆன்லைன் கேம் ஒன்றிலும் என் கேரக்டர் பெண்தான். குழுவில் ஒருவர் என்னைப் பெண் என்றே நினைத்து நல்ல நல்ல பொருட்களைச் சும்மா தருகிறார். நானும் வாங்கிக்கொள்கிறேன். இது ஏமாற்று வேலையா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள பெயர் வேண்டாதவருக்கு,

தங்கையிடம் சொன்னீர்களே, அது உங்கள் பதிலே இல்லை. கேமரா கேரக்டரின் முதுகுக்குப் பின்னால் போன காலத்திலிருந்து கேம் ஆடுபவர்கள் மத்தியில் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஜோக் அது. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாத கூச்சத்தில், கைக்கு எட்டியதை எடுத்து வீசியிருக்கிறீர்கள். அது பொய் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. அழகு பார்க்கத்தான் பெண் கேரக்டர் என்றால், அவ்வளவு பொறுமையாகச் செதுக்கிய முகத்தை யாராவது இரும்புச் சட்டிக்குள் போட்டு மூடுவார்களா? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அது திரையில் தெரியாமல் மறைக்கும் வசதி எத்தனையோ கேம்களில் இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் தங்கைக்கு இதெல்லாம் தெரியாது. அவள் காதில் விழுந்தது, திரையில் ஒரு பெண் வந்தால் அண்ணனுக்கு முதுகுதான் தெரிகிறது என்பது மட்டும். அந்த மாதிரிப் பேச்சை அவள் வெளியில் போதுமான அளவு கேட்டிருப்பாள். உங்களிடமும் அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டாள். "அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன், அது உண்மை இல்ல" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டுமென்று அவள் கேட்டால் மட்டும் விளக்குங்கள்.

விளக்கத்தை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். "நான் என்ன சொல்வேனோ அதையே அவனும் சொல்கிறான்" என்ற வரிதான் அது. கேமில் ஒரு திருடன் பிடிபட்டு உங்கள் முன்னால் மண்டியிட்டு நிற்கிறான் என்று வையுங்கள். திரையில் நான்கு பதில்கள். ஆண் கேரக்டரில் இருக்கும்போது உங்கள் விரல் யோசிக்காமல் போய் ஒன்றை அழுத்துகிறது, ஏனென்றால் அங்கே நிற்பது நீங்கள்தான். உங்கள் இரக்கம், உங்கள் மரியாதை, உங்கள் பயம் எல்லாம் அப்படியே அவனுக்கும் போய்விடுகிறது. பெண் கேரக்டர் என்றால் ஒரு நொடி நிற்கிறீர்கள். "இவள் என்ன செய்வாள்?" என்ற கேள்வி அந்த நொடியில்தான் வருகிறது. இவள் ஒருவேளை திருடனை விட்டுவிட்டு, அவன் மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போகக்கூடியவள். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள். உங்களுக்குப் பிடித்திருப்பது அந்த இடைவெளி. சுற்றி வளைக்காமல் சொன்னால், நீங்கள் கேமுக்குள் கதை எழுதுகிற ரகம்.

எல்லோரும் இந்த ரகம் இல்லை. தன்னையே கொண்டுபோய் அந்த உலகத்தில் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏராளம். அவர்கள் தங்கள் மூக்கு, தாடி வரை திரையில் கொண்டுவர மெனக்கெடுவார்கள். குரலுக்காகவே தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' கேமில் நாம் ஆடும் கேரக்டரான கமாண்டர் ஷெப்பர்டுக்கு ஆண் குரல் மார்க் மீர், பெண் குரல் ஜெனிஃபர் ஹேல். ஹேலின் குரலைக் கேட்ட பிறகு ஆண் ஷெப்பர்டுக்குத் திரும்பவே மனம் வரவில்லை என்று சொல்லும் ஆண்கள் நிறையப் பேர். ஆன்லைனில் தொல்லை இல்லாமல் ஆடவேண்டும் என்பதற்காகவே ஆண் கேரக்டரில் ஒளிந்துகொள்ளும் பெண்களும் உண்டு. இதில் மற்ற காரணங்களைவிட இதுதான் வருத்தமானது. திருநர் சிலர், தங்களுக்குப் பொருந்தும் உடலையும் பெயரையும் முதன்முதலில் ஒரு கேமில்தான் அணிந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பின்னால் எப்போதாவது தோன்றினாலும் பதற ஒன்றுமில்லை. எப்படியும் ஒரு கேரக்டரின் பாலினத்தை வைத்து ஆடுகிறவரைப் பற்றி முடிவு கட்ட முடியாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் 375 பேரை ஆடவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அதில் ஆண்களில் 23 சதவீதம் பேர் பெண் கேரக்டரை எடுத்திருந்தார்கள். பெண்களில் ஆண் கேரக்டரை எடுத்தவர்கள் 7 சதவீதம். கிட்டத்தட்ட நாலு ஆணில் ஒருவர் என்றால், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சரி, ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு வருவோம். உங்களைக் கேட்பதற்கு முன்னால், கேமைக் கேளுங்கள். இந்தத் தேர்வை வைத்துக்கொண்டு அது என்ன செய்யப்போகிறது? கேமுக்கு கேம் இது ஏகத்துக்கும் மாறும்.

சிலவற்றில் ஒன்றுமே மாறாது. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' கேமில் நீங்கள் ஆணோ பெண்ணோ, டிராகன் அதே டிராகன்தான், கல்யாணம்கூட ஆண், பெண் பார்க்காமல் செய்துகொள்ளலாம். சிலவற்றில் காதல் கதைகள் மட்டும் மாறும். 'சைபர்பங்க் 2077'இல் பேனம் என்ற பெண் உங்களைக் காதலிக்க வேண்டுமென்றால் உங்கள் கேரக்டருக்கு ஆண் உடல் வேண்டும். ஜூடி என்ற இன்னொரு பெண் காதலிக்கப் பெண் உடலும் பெண் குரலும் வேண்டும். இது தெரியாமல் பேனமிடம் மனதைப் பறிகொடுத்து, அவள் மறுத்த பிறகு நொந்துபோனவர்கள் எத்தனை பேர்! கதை எங்கே எப்படி முடிகிறது என்று முன்னாலேயே படித்துவிடக்கூடாதுதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னும் சில கேம்களில் நீங்கள் விட்டுவிட்ட கேரக்டர் கதையைவிட்டுப் போவதில்லை. 'ஃபால்அவுட் 4' ஆரம்பத்தில் ஒரு கணவனும் மனைவியும் கண்ணாடி முன்னால் நிற்பார்கள். அவன் முன்னாள் ராணுவவீரன், அவள் சட்டம் படித்தவள். நீங்கள் யாரைத் தேர்ந்தெடுக்கவில்லையோ அவர்தான் கொஞ்ச நேரத்தில் கொல்லப்படுகிறார். 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யில் கசாண்ட்ரா, அலெக்சியோஸ் என்று உடன்பிறந்த இருவர். நீங்கள் எடுக்காதவர் எதிரியாக வந்து நிற்பார். (ஆடாதவர்கள் மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேம் 2009இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்'. அதில் நகரத்து எல்ஃப் (கூர்க்காது கொண்ட ஒரு கற்பனை இனம்) என்று ஒரு தொடக்கக் கதை. எல்ஃப்கள் சேரியில் அடைபட்டு வாழ்கிறார்கள்; உங்கள் கேரக்டருக்கு அன்று கல்யாணம். பிரபுவின் மகன் அடியாட்களோடு வந்து மணப்பெண்ணையும் கூட இருக்கும் பெண்களையும் இழுத்துக்கொண்டு போகிறான். நீங்கள் ஆண் என்றால் நீங்கள் மாப்பிள்ளை. வெளியிலிருந்து மாளிகைக்குள் நுழைந்து அவர்களை மீட்கப் போகிறீர்கள். நீங்கள் பெண் என்றால் இழுத்துக்கொண்டு போகப்படுபவளே நீங்கள்தான். மாளிகைக்குள் ஒரு பூட்டிய அறையில் கண்விழிக்கிறீர்கள், உறவுக்காரன் ஒருவன் கத்தியைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை கையில் எதுவும் கிடையாது. மாளிகையும் அதேதான், வில்லனும் அதே ஆள்தான், ஆனால் உள்ளே இருந்து ஆடும்போது அது வேறு கேம். பாலினத் தேர்வுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. வெறும் தொப்பியை மாற்றுவதுபோல ஆண் பெண் மாற்றிவைக்கும் கேம்களோடு ஒப்பிட்டால் எனக்கு இதுதான் நேர்மையாகத் தோன்றுகிறது. இரண்டு விதமாகவும் ஆடிப்பார்க்க வேண்டிய கேம் அது.

நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் 'பால்டர்ஸ் கேட் 3' இந்த வகை இல்லை. அதன் அடிப்படை 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு. 1978இல் வந்த அதன் விதிப்புத்தகத்தில் மனித ஆணின் பலம் 18/00 (இங்கே 00 என்றால் 100, அதுதான் உச்சம்) வரை போகலாம், மனிதப் பெண்ணுக்கு 18/50க்கு மேல் கிடையாது என்று அச்சிட்டே வைத்திருந்தார்கள். டிராகன் பறக்கலாம், மந்திரவாதி கையில் நெருப்பு வரலாம், ஆனால் ஒரு பெண் ஆணுக்குச் சமமாக எடை தூக்கிவிடக்கூடாது! 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். இன்றைய கேமில் உடல் தனி, குரல் தனி, உங்களை எப்படி அழைப்பது என்பது தனி. மூன்றையும் இஷ்டம்போல் கலந்துகொள்ளலாம். கூட வரும் முக்கியத் தோழர்கள் ஆண், பெண் பார்க்காமல் காதலிப்பார்கள். ஆடத் தொடங்கிய பிறகும் முகாமில் இருக்கும் மாயக்கண்ணாடியில் முகத்தையும் தலைமுடியையும் குரலையும் மாற்றிக்கொள்ளலாம். 2023 செப்டம்பரில் வந்த அப்டேட்டில் சேர்த்த வசதி அது.

அந்தக் கண்ணாடியால் மாற்ற முடியாதவை உடலும் இனமும். அந்த கேமில் உண்மையில் பேச்சை மாற்றுவது இனம்தான். நீங்கள் டிரோவா (பாதாளத்து எல்ஃப்), கித்யாங்கியா (வேற்றுலகப் போர்வீரர் இனம்), குட்டையான நோமா என்பதைப் பொறுத்து எதிரில் இருப்பவர்கள் பேசும் தொனி மாறும், உங்களுக்கென்று தனி டயலாக் வரும். உங்கள் தொழில் பாதிரியா, பாடகனா என்பதற்கும் அப்படியே. அதனால் அந்தத் திரையில் நேரம் செலவழிக்க வேண்டுமென்றால் அங்கே செலவழியுங்கள். உங்களுக்கு வேண்டிய இடைவெளி இனத்திலிருந்தும் கிடைக்கும்.

எதை எடுக்கச் சொல்கிறேன் என்று கேட்டால், இந்த முறை ஆணை எடுங்கள் என்பேன். பெண் கேரக்டர் எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரியாத ஒரு ஆணை உருவாக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் சொல்கிறேன். வாயைத் திறந்தால் பொய் சொல்லும் ஒரு நோம் பாடகன், சண்டை என்றால் மரத்தின் பின்னால் ஒளிகிறவன், ஆனால் குழந்தைகளிடம் மட்டும் பொய் சொல்லாதவன் என்று இப்படி இரண்டு மூன்று விதியை முதலிலேயே முடிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் அவன் மறுபடியும் நீங்களாகவே மாறிவிட்டால், சேவ் செய்ததை அழித்துவிட்டு நிம்மதியாகப் பெண் கேரக்டருக்குப் போய்விடுங்கள். தங்கை சமாதானமாகிவிட்டால் கன்ட்ரோலரை அவளிடம் கொடுத்து முகத்தை அவளையே செதுக்கச் சொல்லலாம். அவள் எதை எடுக்கிறாள் என்று பாருங்கள், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆன்லைன் விஷயம் கொஞ்சம் வேறு. தனியாக ஆடும் கேமில் உங்கள் கேரக்டரை நம்புவது நீங்கள் ஒருவர்தான். ஆன்லைனில் எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார். பெண் கேரக்டர் எடுத்ததே ஏமாற்று ஆகாது. அந்த உலகத்தில் யாரும் எல்ஃபும் இல்லை, ஓர்க்கும் இல்லை, இது எல்லோருக்கும் தெரியும். நான் முன்னால் சொன்ன ஆய்விலேயே ஒரு வேடிக்கை உண்டு: பெண் கேரக்டரில் ஆடிய ஆண்கள் பேச்சில் ஆச்சரியக்குறிகளைக் கூட்டிக்கொண்டார்கள், ஆனால் குழுவை விட்டுத் தள்ளி நிற்பதும் காரணமில்லாமல் குதித்துக்கொண்டே இருப்பதுமாக அசைவில் அவர்களுடைய பழக்கம் மாறவில்லை. உங்கள் குழுவில் மற்றவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த ஒருவர் தவறாக நினைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் தருகிறார் என்றும் தெரியும். தெரிந்தே கை நீட்டி வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இன்னும் நாளானால் அவர் பேச்சு பொருட்களோடு நிற்காமல் போகலாம், அப்போது சொல்வது இதைவிடக் கஷ்டம். குழுவில் எல்லோர் முன்னாலும் அறிவிக்கத் தேவையில்லை, அது அவரை அசிங்கப்படுத்தும். அவருக்கு மட்டும் தனியாக ஒரு மெசேஜ்: "ரொம்ப நன்றி, ஆனா ஒரு விஷயம் சொல்லணும், கேரக்டர்தான் பொண்ணு, நான் ஆம்பளை." பயன்படுத்தாத பொருட்கள் மிச்சம் இருந்தால் அந்த மெசேஜோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர் வாள் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.