பையன்களுக்கு ஜெயிலா?

கேள்வி: பள்ளிக்கூடத்தில் பையன்கள் கிண்டல் செய்வதும் அடித்துக்கொள்வதும் எந்தக் காலத்தில் இல்லை? நாங்களும் வாங்கி வளர்ந்தவர்கள்தான். இதைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்கிறீர்களே, பிள்ளைகளை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?

பதில்: ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம் 1997 முதலே இருக்கிறது. மருத்துவ மாணவர் நாவரசு கொலைக்குப் பிறகு தமிழக அரசு கொண்டுவந்த ராகிங் தடைச் சட்டம், 2 ஆண்டு வரை சிறை என்கிறது. 'கல்வி நிறுவனம்' என்றுதான் அதில் இருக்கிறது, கல்லூரி மட்டும் என்று இல்லை. ராகிங் என்றதும் நமக்குக் கல்லூரி விடுதிதான் நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

நான் கேட்பது வேறு: பள்ளிக்குப் பொறுப்பு வைக்கும் சட்டம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததைப் பாருங்கள். சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பிளஸ் டூ மாணவன் பள்ளிக்கே போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது, சொன்னான். அன்று இரவே அந்த மாணவர்கள் அரிவாளோடு அவன் வீட்டுக்கு வந்தார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இதையும் 'வாங்கி வளர்ந்த' கணக்கில் சேர்ப்பீர்களா? புகார் சொன்ன பையனைப் பாதுகாக்க வேண்டியது யார் பொறுப்பு என்று அப்போது எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை.

அதன்பின், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. டிவி விவாதமெல்லாம் கையில் கட்டும் கயிறுக்கும் நெற்றிப் பொட்டுக்கும் தடை கேட்ட பரிந்துரையோடு நின்றுவிட்டது. பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும், தனிச் சட்டம் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதைப் பேச ஆளில்லை.

ஜப்பானில் ஓட்சு நகரில் 2011இல் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளான 13 வயதுப் பையன் தற்கொலை செய்துகொண்டான். அதுபற்றிப் பள்ளி மாணவர்கள் எழுதிக் கொடுத்த விவரங்களைக் கல்வி வாரியம் முழுதாக வெளியிடவில்லை என்று தெரிந்ததும் நாடே கொதித்தது. பள்ளிகளில் இப்படிப்பட்ட கொடுமையைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. அதில் பிள்ளைகளுக்குத் தண்டனை கிடையாது. முக்கியக் கடமைகள் பள்ளிக்குத்தான்: நிரந்தரக் குழு வைக்க வேண்டும், மாணவர்களிடம் அவ்வப்போது விசாரித்துப் பதிய வேண்டும், விபரீதமானால் மேலே தெரிவித்து விசாரணை நடத்த வேண்டும். 2023 கல்வியாண்டில் அங்கே பதிவான கொடுமைச் சம்பவங்கள் 7 லட்சத்துக்கும் மேல். சட்டம் தோற்றது என்று சிலர் சொல்லலாம். மறைக்காமல் எழுத ஆரம்பித்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் ஊரில் தலைமை ஆசிரியரைக் கேளுங்கள், "எங்கள் பள்ளியில் அப்படியெல்லாம் இல்லை சார்" என்பார்!

சரி, இங்கே சட்டம் வரும்வரை? புகாரை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டுக்கும் பேசுங்கள்.