சைட்டேஷன் சந்தேகங்கள்: ஆங்கிலத் துறையிலிருந்து நர்சிங் துறை வரை

சைட்டேஷன் (நம் ஆய்வுக் கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டுவது) பற்றிய கேள்விகளைப் போன வாரம் அனுப்பச் சொல்லியிருந்தேன். மொழி கற்பித்தலிலும் உடல்நல ஆய்விலும் ஒரே நேரத்தில் கால் வைத்திருப்பவர்கள் சென்னையில் இத்தனை பேரா என்று வியப்பாக இருக்கிறது. நர்சிங் மாணவிகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர்கள், டாக்டர் நோயாளியிடம் பேசும் தமிழை ஆராய்பவர்கள், பேச்சுப் பயிற்சித் துறையினர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கவலையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு அளவீட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தாம்பரம், ஆங்கில உதவிப் பேராசிரியர்): மேடம், நர்சிங் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றி 11 பேப்பர் போட்டிருக்கேன். 46 சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் 4. என்னோடு வேலைக்குச் சேர்ந்த மருந்தியல் நண்பருக்கு 15. ரெண்டு பேருக்கும் ஒரே அப்ரைசல் படிவம். நான் அவ்வளவு பின்தங்கியா இருக்கேன்?

பதில்: முதலில் அந்த 4 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். குறைந்தது 4 சைட்டேஷன் வாங்கிய பேப்பர் 4 இருந்தால் ஹெச்-இண்டெக்ஸ் 4; அது 5 ஆக, குறைந்தது 5 வாங்கியவை 5 வேண்டும். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 14, 11, 8, 5, 3, 2, 1, 1, 1, 0, 0. நாலாவது பேப்பருக்கு 5 சைட்டேஷன் இருக்கிறது, ஐந்தாவதற்கு 3தான். அதனால் கணக்கு 4-இல் நின்றுவிட்டது. இந்த அளவை 2005-இல் முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். தன் துறைக்காரர்களை மனதில் வைத்து எழுதினார். துறைக்குத் துறை இந்த எண் மாறும், உயிர் அறிவியலில் இயல்பாகவே உயரும் என்று அதே கட்டுரையில் அவரே சொல்லியும் இருக்கிறார். நம் ஊர் அப்ரைசல் படிவத்தைத் தயாரித்தவர்கள் அந்தப் பக்கம் வரை போகவில்லை போலிருக்கிறது.

மருந்தியலில் ஒரு பேப்பருக்கு ஆறேழு ஆதர் இருப்பது சகஜம். ஒரு சைட்டேஷன் விழுந்தால் ஆறேழு பேர் கணக்கிலும் ஏறும். நம் பக்கம் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். அவர்கள் ஜர்னல்களை மேற்கோள் காட்டுகிறார்கள். நாம் நிறையப் புத்தகங்களைக் காட்டுகிறோம், அதில் பலவும் எந்தத் தரவுத்தளத்திலும் சரியாகப் பதிவாவதில்லை. வேகமும் வேறு. ஒரு வகுப்பறை ஆய்வு ஒரு கல்வியாண்டு ஓடி, எழுதி, வெளிவந்து, இன்னொருவர் அதைப் படித்துத் தன் வகுப்பில் செய்துபார்த்து எழுதுவதற்குள் வருடங்கள் போய்விடும். ஒரு ஜர்னலின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை சைட்டேஷன் என்று சொல்லும் வழக்கமான இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை மட்டும்தான் எண்ணும்.

படிவத்தை மாற்ற முடியாது, ஆனால் அதோடு ஒரு தாளை இணைக்கலாம். துறை, ஆண்டு, கட்டுரை வகை மூன்றையும் சமப்படுத்திப் பார்க்கும் ஓர் அளவு (Field-Weighted Citation Impact) ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருக்கிறது. உலகச் சராசரி அதில் 1. உங்கள் பேப்பருக்கு 1.6 என்று வந்தால், உங்கள் துறையில் அதே ஆண்டு வந்தவற்றின் சராசரியைவிட 60 சதவீதம் கூடுதல் என்று பொருள். 14 சைட்டேஷன் வாங்கிய பேப்பருக்கு அதை எடுத்துப் போடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்த 14 பேர் யார், எதற்காக உங்களைச் சொன்னார்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். நான் பட்டியலைப் படித்தேன். ஷிஃப்ட் மாறும்போது செவிலியர் அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் பேச்சுக்கு நீங்கள் வடிவமைத்த பயிற்சியை இரண்டு பேர் தங்கள் கல்லூரியில் நடத்திப் பார்த்து முடிவு எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களில் பலர் அறிமுகப் பத்தியில் ஐந்தாறு பெயர்களோடு உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். நான் கமிட்டியில் உட்கார்ந்தால் அந்த இருவருக்காகத்தான் மதிப்பெண் போடுவேன். 15 வைத்திருக்கும் உங்கள் நண்பரையும் இதே கேள்வியைத்தான் கேட்பேன்.

கேள்வி (போரூர், நர்சிங் கல்லூரி ஆசிரியை): கூகுள் ஸ்காலர் 120 காட்டுது, ஸ்கோபஸ் 37தான் காட்டுது. எதை எழுதுறது? பப்மெட்ல எத்தனைன்னும் கேட்கிறாங்க.

பதில்: இரண்டும் பொய் சொல்லவில்லை. இரண்டும் 2004-இல் வந்தவை, பார்க்கும் இடம்தான் வேறு. கூகுள் ஸ்காலரோ ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு, யாரோ கல்லூரித் தளத்தில் ஏற்றிய பிடிஎஃப் வரை எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஜர்னல்களையும் சில புத்தகங்களையும் மட்டும் எண்ணும். எந்த இடத்து எண், எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்திலேயே குறிப்பிட்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. கூகுளின் சைட்டேஷனையும் ஸ்கோபஸின் பேப்பர் எண்ணிக்கையையும் கலந்து வகுக்காதீர்கள்.

பப்மெட் மருத்துவக் கட்டுரைகளைத் தேடுவதற்கான இடம். அதில் பேப்பர் வந்திருக்கிறதா என்று சொல்லலாம், சைட்டேஷன் கணக்குக்கு அது போதாது. ஒரே நர்சிங் ஆங்கில ஆய்வை மருத்துவ ஜர்னலில் போட்டால் பப்மெட்டில் வரும், கல்வி ஜர்னலில் போட்டால் எரிக் தரவுத்தளத்தில் வரும். எந்த வாசகர் வேண்டும் என்று எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (பெரம்பூர், பிஎச்.டி ஸ்காலர்): என் பேப்பர்கள் ஸ்கோபஸ்ல மூணு ஆள் பேர்ல கிடக்கு. மூணும் நான்தான்!

பதில்: இந்தக் கேள்வியை எட்டு பேர் அனுப்பியிருக்கிறீர்கள், எட்டும் பெண்கள். காரணம் நம் இனிஷியல். மீனாட்சி என்று ஒருவர், அப்பா பெயர் சுந்தரம். எஸ். மீனாட்சி என்றுதான் பள்ளியிலிருந்து எழுதி வந்திருப்பார். ஜர்னல் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. ஒருமுறை எஸ் என்று போடுவார், ஒருமுறை சுந்தரம் என்று விரித்துப் போடுவார். இரண்டாவது பேப்பர் மருத்துவ ஜர்னலில் வந்தால், மேற்கோள் காட்டுபவர்கள் "சுந்தரம் எம்" என்று எழுதுவார்கள். உழைப்பு மகளுடையது, சைட்டேஷன் அப்பா பெயரில். முழுப் பெயரைப் படிப்பவர் மீனாட்சி சுந்தரத்தை ஆண் என்றே எடுத்துக்கொள்வார். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலும் மாறினால் மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார்.

இன்றே ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் வாங்குங்கள். 2012-இலிருந்து இருக்கிறது, இலவசம், 16 இலக்கம், பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. ஒரே பெயர் வடிவத்தை முடிவு செய்து அதையே ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வடிவங்களை ஆர்கிட்டில் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கலாம். ஸ்கோபஸில் ஆசிரியர் விவரத்தைத் திருத்தக் கோரும் வசதி இருக்கிறது. மூன்று பக்கங்களையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

கேள்வி (அதே ஸ்காலர்): கூகுள்ல மட்டும் தலைகீழ். யாரோ ஒருத்தரோட இதயநோய் பேப்பர் ரெண்டு என் பக்கத்துல சேர்ந்திருக்கு, 90 சைட்டேஷன். அப்படியே இருக்கட்டுமா மேடம்?

பதில்: எடுத்துவிடுங்கள். வைவாவில் யாராவது ஆஞ்சியோகிராம் பற்றிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? புதுக் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காமல் உங்களிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி அமைப்பை மாற்றுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): "15 நாளில் ஸ்கோபஸ், முதல் ஆதர் இடம் காலி" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கைடு "எதுக்கும் கேட்டுப் பார்" என்கிறார்.

பதில்: கேட்காதீர்கள். ஆதர் இடம் விற்பனைக்கு வந்தால் அந்தப் பேப்பரை யாரோ மொத்தமாக உற்பத்தி செய்கிறார்கள் என்று அர்த்தம். 2023-இல் ஹிந்தாவி பதிப்பகத்தின் ஜர்னல்களிலிருந்து மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்ற அறிவிப்பில் ஆதர் பெயர் அழியாமல் நிற்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஜர்னல்களின் யுஜிசி-கேர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற காலமும் போய்விட்டது. 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். ஜர்னலின் தரத்தை இப்போது கல்லூரியும் நீங்களும்தான் பார்க்க வேண்டும். ஜர்னலின் இணையதளத்தில் ஸ்கோபஸ் சின்னம் இருப்பதை நம்பாதீர்கள். ஸ்கோபஸின் சொந்த ஜர்னல் பட்டியலில் அந்த ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டு, சேர்க்கை எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். போன வருடத்தோடு நின்ற ஜர்னல்கள் பழைய பெருமையில் பணம் வாங்குகின்றன. நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று: ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை யுஜிசி 2022-லேயே தளர்த்திவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி (வடபழனி, ஆரோக்கியத் தொடர்பியல்): எழுதுறதை யாராவது மேற்கோள் காட்டணும்னா என்ன மாதிரி ஆய்வு பண்ணலாம்?

பதில்: நேர்மையான கேள்வி. மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவியைச் செய்யுங்கள். 1986-இல் ஹோர்விட்ஸும் இரு சகாக்களும் அயல்மொழி வகுப்பில் மாணவர்களுக்கு வரும் பதற்றத்தை அளக்க 33 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வகுப்பறைப் பதற்றத்தை ஆராயும் பேப்பர்களில் இன்றும் அவர்கள் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. கருவியை எடுத்தால் செய்தவரைச் சொல்லியாக வேண்டும்.

தமிழில் இதற்கு ஏராளமான இடம் இருக்கிறது. மருந்துச் சீட்டு, ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் குறிப்பு இவற்றை நோயாளி எவ்வளவு புரிந்துகொள்கிறார் என்று அளக்கும் கேள்வித்தாள்கள் ஆங்கிலத்தில் நிறைய உள்ளன. ஒன்றை எடுத்து, உரியவரிடம் அனுமதி வாங்கி, இருவர் தனித்தனியே தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, வேறுபாடுகளை மருத்துவரும் மொழி ஆசிரியரும் உட்கார்ந்து தீர்த்து, சிறு குழுவிடம் முன்னோட்டம் பார்த்து, பிறகு நம்பகத்தன்மையைக் கணக்கிடுங்கள். ராயபுரத்தில் கேட்கும் தமிழும் பாடநூல் தமிழும் ஒன்றில்லை என்பது முன்னோட்டத்திலேயே தெரிந்துவிடும். மருத்துவக் கல்லூரிக்காரர் தனியாகவோ மொழித் துறைக்காரர் தனியாகவோ இதைச் செய்து முடிக்க முடியாது. சலிப்பான வேலைதான், ஆனால் பத்து வருடம் கழித்தும் தேடி வருவார்கள்.

கேள்வி (அண்ணா நகர்): என் பழைய பேப்பரை நானே மேற்கோள் காட்டிக்கலாமா?

பதில்: அதன் தொடர்ச்சி என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். தொடர்பே இல்லாமல் ஏழெட்டைச் செருகினால் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்று கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைக்கிறார்களே, அந்தப் பட்டியலிலேயே சுயமேற்கோளைக் கழித்த கணக்குக்குத் தனிப் பத்தி உண்டு. அதைப் பிளெக்ஸில் யாரும் அச்சடிப்பதில்லை.

கேள்வி (கிண்டி): எங்க ஹெச்ஓடி ஒரு வரிகூடப் படிக்கலை. பேர் போடணுமாம்.

பதில்: மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பொறுப்பேற்பது. நாலும் வேண்டும். நேரில் மறுப்பது உங்களுக்குச் சிரமம் என்று தெரியும். பேப்பரை அனுப்பும்போது ஜர்னலின் பங்களிப்புப் படிவத்தையும் சேர்த்து அனுப்பி, "சார், உங்க பகுதியை நீங்களே நிரப்பிக் கொடுங்க" என்று கேளுங்கள். சிலர் அதிலேயே விலகிக்கொள்வார்கள்.

கேள்வி (மயிலாப்பூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்): தமிழில் எழுதிய ஆய்வுக்குக் கணக்கே கிடையாதா அம்மா?

பதில்: ஐயா, பெரிய தரவுத்தளங்களில் மிகக் குறைவு. ஆங்கிலச் சுருக்கமும் டிஓஐ எண்ணும் (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்) கொடுக்கும் ஜர்னலில் போட்டால் தேடலில் கிடைக்கும். ஆய்வேடு என்றால் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்றச் சொல்லுங்கள். ஆனால் கணக்கில் ஏறாததால் பயன் குறைந்துவிடாது. காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் அளவுக்குக் குணமாகும் என்று 1956-இல் இதே மெட்ராஸில் ஆய்வு தொடங்கி, 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கச் சிகிச்சை முறை மாறியது. அந்தக் கட்டுரை ஆய்வை நடத்திய மையத்தின் பெயரில் வந்தது. தனி ஆள் யாருடைய ஹெச்-இண்டெக்ஸும் அதனால் ஒன்றுகூட ஏறவில்லை.

கேள்வி (ஆவடி): பேப்பர் படிக்கவே டாலர்ல பணம் கேட்குது.

பதில்: அரசு நடத்தும் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் கிடைக்கும், நூலகரிடம் உள்நுழைவு கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கரெஸ்பாண்டிங் ஆதருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். தன் பேப்பரை ஒருவர் கேட்டு எழுதினால் பெரும்பாலோர் அனுப்பிவிடுவார்கள்.