கேள்வி – பதில்: ஹல்ஃப்ட் சாகவில்லை, இனி என்ன செய்வது?

கேள்வி: ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் ஆடும் ஆட்டம். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவள். 1655–56இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்த கொழும்பை முற்றுகையிட்ட காலம்தான் கதை, கொஞ்சம் பேய் பிசாசும் சேர்த்து. ஒப்சிடியன் என்ற குறிப்பு எழுதும் மென்பொருளில் அத்தியாயம் 1, 2, 3 என்று காட்சிகளை எழுதி வைத்திருந்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் சாக வேண்டும். இவர்கள் அவரைக் காப்பாற்றிவிட்டார்கள்! மிச்ச அத்தியாயங்கள் எல்லாம் வீணா? வேறு மென்பொருளுக்கு மாறவா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் உங்கள் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சபாஷ். 1656 ஏப்ரலில் சுடப்பட்டுச் செத்த மனிதரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அவர் பெயரில்தான் ஹல்ஸ்டோர்ப் இருக்கிறது, நாம் புதுக்கடை என்று சொல்லும் அதே கோர்ட்டுப் பக்கம். உங்கள் கதையில் அந்த இடத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். மற்றபடி பெரிய நட்டம் இல்லை, தங்கச்சி.

மென்பொருளை மாற்ற வேண்டாம். அந்த அத்தியாய எண்களைத்தான் எடுக்க வேண்டும். எண் போட்ட கதை 100ஆம் இலக்க பஸ் மாதிரி, காலி வீதியை விட்டு விலகாது. உங்கள் ஆட்களோ ஓட்டோ பிடித்து எந்த ஒழுங்கையாலும் போகிறவர்கள்.

கதைக்கு ஒரு குறிப்பு, காட்சிக்கு இன்னொரு குறிப்பு என்று பிரித்து வையுங்கள். நீங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் ஒன்று உடைந்ததும் மற்றதும் உடைந்தது. கதைக் குறிப்பில் ஆட்டக்காரர்கள் வரவே கூடாது. அவர்கள் தலையிடாவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பது மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு மூன்று தரப்பு போதும். போர்த்துக்கேயர்: கோட்டைக்குள் சாப்பாடு தீர்கிறது, மே மாதம் சரணடைவார்கள். ஒல்லாந்தர்: பிடித்த கோட்டையைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனிடம் கொடுக்கும் எண்ணம் இல்லை. கண்டி மன்னன்: நாளுக்கு நாள் சந்தேகம் கூடுகிறது. இந்த மூன்றில் எது ஹல்ஃப்ட் செத்தால்தான் நடக்கும்? ஒன்றும் இல்லை. பசிக்குத் தளபதி யார் என்று தெரியாது.

சொல்லப்போனால் உங்கள் கதை இப்போதுதான் சூடு பிடிக்கிறது. சாவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் ஹல்ஃப்ட் மன்னனைச் சந்தித்தார். உயிரோடு இருந்தால் மன்னனுக்கு முகம் கொடுக்க வேண்டியவர் அவர்தானே? கோட்டை விழுந்த அன்று அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று ஒல்லாந்தர் தரப்புக் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். நான் கேம் மாஸ்டராக இருந்தால் இதற்காகவே அவரைச் சாகவிடமாட்டேன்.

இனிக் காட்சிக் குறிப்பு. இடத்தின் பெயரே தலைப்பு: ‘வாவிக் கரை, இரவு’, ‘கோட்டை மதில், கிழக்குப் பக்கம்’. உள்ளே யார் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும், அங்கே எதைக் கண்டுபிடிக்கலாம், அங்கிருந்து எங்கே போகலாம். இவ்வளவுதான், திரையை மேலும் கீழும் நகர்த்தாமலே தெரிய வேண்டும். வசனம் எழுதாதீர்கள். மேசையில் யாரும் நீங்கள் எழுதிய கேள்வியைக் கேட்கப்போவதில்லை, நீங்கள் மட்டும் அந்தப் பதிலை வாசிக்க இடம் தேடிக்கொண்டு இருப்பீர்கள்.

துப்புகளுக்குத் தனித்தனிக் குறிப்பு வேண்டும். உதாரணமாக ‘முத்திரை உடைந்த கடிதம்’ என்று ஒரு பக்கம் திறந்து, அது கிடைக்கக்கூடிய காட்சிகளில் எல்லாம் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரை எழுதுங்கள். கடிதத்தின் பக்கத்தில் பேக்லிங்க்ஸ் பகுதியைத் திறந்தால் எந்தெந்தக் காட்சி அதைத் தொடுகிறது என்று ஒப்சிடியனே காட்டும். ஒரே ஒரு காட்சி என்றால் ஆபத்து, அந்தக் கதவை அவர்கள் திறக்கவே மாட்டார்கள். மூன்று இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மூன்று துப்பு வைத்தால் ஒன்றாவது அகப்படும் என்பது கேம் மாஸ்டர்களிடையே பழகிப்போன விதி. இந்த மென்பொருளில் அதைச் சரிபார்க்க அரை நிமிடம் ஆகாது.

பழைய அத்தியாயங்களை அழிக்க வேண்டாம். இடங்களையும் ஆட்களையும் அவற்றிலிருந்து உருவி எடுங்கள். ஹல்ஃப்டின் சவ ஊர்வலத்தை நன்றாக எழுதியிருப்பீர்கள், அந்தப் பெட்டியில் வேறு யாரையாவது படுக்க வைக்கலாம்.

கேள்வி: ஒப்சிடியனில் பாத்திரங்களின் பெயர்களைத் தமிழில் எழுதினால் இணைப்பு வேலை செய்வதில்லை. ‘கப்பித்தான்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது, ஆனால் வசனத்தில் ‘கப்பித்தானிடம்’ என்று வருகிறதே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் முதலில் குறிப்பின் பெயர், பிறகு ஒரு நிமிர்ந்த கோடு (|), அதற்குப் பிறகு வாக்கியத்தில் தெரிய வேண்டிய வடிவம். அப்படி எழுதினால் ‘கப்பித்தானிடம்’ என்றே தெரியும், அழுத்தினால் கப்பித்தானின் பக்கம் திறக்கும். அடைப்புக்குறிக்கு வெளியே ஓர் இடைவெளி விட்டு ‘இடம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, எனக்குக் கண் உறுத்தும்.

தேடும்போது இன்னொரு கவனம். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ அகப்படாது. ‘மர’ வரை அடித்துத் தேடுங்கள். ஒல்லாந்தப் பெயர்களுக்கு இன்னும் கரைச்சல். வியாழக்கிழமை ஒரு மாதிரியும் ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரியும் எழுதுவோம். குறிப்பின் மேலே உள்ள பண்புகள் பகுதியில் ‘எலியஸ்’ (aliases) என்ற இடத்தில் மாற்று எழுத்துகளைப் போட்டு வைத்தால், இணைப்புப் போடும்போது எந்த வடிவத்தை அடித்தாலும் அதே குறிப்பை எடுத்துக் கொடுக்கும்.

கேள்வி: இணையத்தில் ஆடுவதற்கான ஃபவுண்ட்ரி மென்பொருளில் ‘சீன்’ என்று ஒன்று இருக்கிறதே, காட்சிக் குறிப்பை அதில் எழுதலாமா? காசு கட்டித்தான் வாங்க வேண்டுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: ஃபவுண்ட்ரியில் சீன் என்றால் வரைபடம், அதன் மேல் ஆட்களை நகர்த்துவது. எழுத்துக்கு ஜேர்னல் இருக்கிறது. ஜேர்னல் பக்கத்தை வரைபடத்தில் ஓர் ஊசியாகக் குத்தி வைக்கலாம், யார் எதைப் பார்க்கலாம் என்றும் தீர்மானிக்கலாம். ஆளாளுக்கு ஒரு ஊரில் இருந்துகொண்டு இணையத்தில் ஆடுகிறவர்களுக்கு அருமை. கேம் மாஸ்டர் மட்டும் ஒரு தடவை டொலரில் வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரிலேயே வருவார்கள்.

ஒரே மேசையில் முகம் பார்த்து ஆடுகிறீர்கள் என்றால் அந்த டொலரைச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். ஒப்சிடியன் இலவசம், குறிப்புகள் உங்கள் லப்டொப்பிலேயே வெறும் எழுத்துக் கோப்புகளாகக் கிடக்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. பற்றரி மிச்சம் இருக்கும்வரை இணையம் இல்லாமலும் திறக்கிற குறிப்புதான் எனக்கு வேண்டும். மாதச் சந்தா கேட்கும் தளங்களில் அழகான உலக வரலாறு எழுதலாம்தான், ஆனால் அங்கே போனவர்கள் அரச வம்சங்களை எழுதி எழுதியே அடுத்த ஞாயிறுக்கு ஒரு காட்சிகூட இல்லாமல் வந்து நிற்பதைப் பார்க்கிறேன்.