விஸ்கி டேஸ்டிங்கில் ஸ்பிரிட் நெடி மட்டும் வந்தால்

மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். விளிம்புக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக முகருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

விஸ்கி வடிக்கும் டிஸ்டில்லரிக்காரர் தேன், வெனிலா, புகை என்று வாசனைகளை அடுக்க, உங்களுக்கு இரண்டாவது கிளாஸிலிருந்தே எரிச்சல் மட்டும்தான் என்கிறீர்கள். பெரும்பாலும் அவர் ஊற்றியது காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது பீப்பாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் சேர்க்காத விஸ்கி. கடை பாட்டில்களில் வழக்கமாக 40 முதல் 46 சதவீதம் ஆல்கஹால் என்றால், இதில் 55, 60கூட இருக்கும். அந்த ஆவி ஏறினால் மூக்கு மரத்துப்போகும். பிறகு எதை முகர்ந்தாலும் ஒரே நெடிதான்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள்: கொஞ்சம் முகர்ந்துவிட்டு, சாதாரணத் தண்ணீர் சில சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முகருங்கள். நெடி இறங்கிப் பழவாசனையோ புகையோ மேலே வந்தால், காரணம் ஆல்கஹால்தான். தண்ணீர் விட்டால் அவர் தப்பாக நினைப்பாரோ என்று தயங்கவே தயங்காதீர்கள். விஸ்கி கலக்கும் நிபுணர்களே 20 சதவீதம் அளவுக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். இடையிடையே உங்கள் சட்டைக் கையை முகர்ந்தால் மூக்கு தெளியும்.

புகை வாடை தூக்கலான பீட் விஸ்கியைக் கடைசிக்கு ஒதுக்குங்கள், முதலில் குடித்தால் மற்றதை அமுக்கிவிடும்.

ஒன்று மட்டும்: ஜலதோஷம் இருந்தால் இது எதுவும் பலிக்காது. ஊற்றியதையெல்லாம் விழுங்கவும் வேண்டாம், துப்புவதற்குப் பாத்திரம் கேளுங்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் வண்டி ஓட்டாதீர்கள்.