பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பது குறித்து

வணக்கம் நண்பரே. உங்கள் 2012 மாடல் பெட்ரோல் காரில் காலையில் வால்வுச் சத்தம் கேட்பதாகவும், பத்து லிட்டருக்கு 50 மில்லி 2டி ஆயில் கலந்தால் அடங்கிவிடும் என்று மெக்கானிக் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கலக்க வேண்டாம்.

அந்த ஆயில் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கானது. அவற்றில் பெட்ரோல் கலவை பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறை வழியாகவே செல்வதால், அதோடு வரும் ஆயில்தான் பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்பைத் தருகிறது. உங்கள் காரிலோ, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பிலிருந்து பம்ப் ஒன்று ஆயிலைத் தனியாக மேலேற்றுகிறது. சத்தம் எழுப்பும் டாப்பெட்டுகள் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகங்கள்) பெட்ரோல் எட்டாத இடத்தில், வால்வு மூடிக்குள் இருக்கின்றன. எனவே டேங்கில் எதை ஊற்றினாலும் அங்கே போய்ச் சேராது. மாறாக, அது பெட்ரோலின் ஆக்டேனை (என்ஜினில் தட்டல் வராமல் எரியும் தரத்தை) குறைக்கும், பிளக்கில் கரி படியவைக்கும், தொடர்ந்து ஊற்றினால் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரையும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். (கன்வெர்ட்டரின் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.) 2000-இல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது, பழைய கார்களின் வால்வு சீட்டுகளை (வால்வு மூடும்போது வந்து அமரும் வளையங்களை) காக்கவென்று சிலர் இதைக் கலந்தார்கள், ஆனால் ஈயம் செய்த வேலையை இந்த ஆயில் செய்யாது.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறியபின், டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டெடுத்து, ஆயில் இரு குறிகளுக்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். அளவு சரியென்றால், கையேட்டில் சொன்ன கிரேடில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதன் பிறகும் டிக்டிக்கென்ற சத்தம் நின்றபாடில்லை என்றால், டாப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை ஊற்றியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி ஓட்டினால் போதும்.