குளத்தில் குளித்த பின் காய்ச்சல்: ஸ்கேனில் தெரியுமா?

கேள்வி: விடுமுறைக்குக் கோழிக்கோட்டில் உறவினர் வீட்டுக்குப் போகிறோம். பிள்ளைகள் குளத்தில் குதித்துக் குளிப்பார்கள். மூளையைத் தின்னும் அமீபா தொற்றினால் ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியுமா? முதுகில் ஊசி போட்டே ஆகவேண்டுமா?

பதில்: ரத்தத்தில் தெரியாது. ஸ்கேன் ஆரம்பத்தில் இயல்பாகவே இருக்கலாம். முதுகுத்தண்டு நீரில்தான் பிடிக்க முடியும். டாக்டர் அந்த ஊசி வேண்டுமென்றால், தயவுசெய்து தயங்காதீர்கள்.

நெக்லேரியா ஃபௌலரி என்ற இந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. குடித்தால் தொற்றாது, மூக்கில் ஏறும் தண்ணீரோடு போய், வாசனை நரம்பு வழியே மூளையை அடைகிறது. 1 முதல் 12 நாளுக்குள், பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டி, கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி தொடங்கும். பிறகு கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு.

சிக்கல் இங்கேதான். முதுகுத்தண்டு நீரின் ரிப்போர்ட் பாக்டீரியா மூளைக்காய்ச்சலை அப்படியே ஒத்திருக்கும்: நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) அதிகம், சர்க்கரை குறைவு, புரதம் அதிகம். பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயப் பரிசோதனையில் மட்டும் பாக்டீரியா இருக்காது. அமீபாவும் தெரியாது, சிலைடைச் சூடுகாட்டும்போதே சிதைந்துவிடும். 'முன்பே ஆன்டிபயாடிக் போட்டதால் கிருமி இல்லை' என்று விட்டுவிட்டால் ஒரு நாள் போய்விடும். அறிகுறி தொடங்கி ஐந்தாறு நாளில் உயிரைப் பறிக்கும் நோயில் ஒரு நாள் மிகப் பெரிது.

ஆகவே எடுத்த நீரை ஃபிரிட்ஜில் வைக்காமல் உடனே லேபில் பார்க்கவேண்டும். குளிர்ந்தால் அமீபா அசையாது. அசைவுதான் அதைக் காட்டிக்கொடுப்பது. குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மெல்லக் குலுக்கி, ஒரு சொட்டைச் சாயமில்லாமல் சிலைடில் விட்டு, வெளிச்சத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். சிலைடை 37 டிகிரிக்கு இளஞ்சூடாக்கினால் இன்னும் நன்று. அமீபாவின் அளவு 10 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பார்த்தால் வெள்ளணு மாதிரியே இருக்கும். மழுங்கிய முனை ஒன்று ஒரு பக்கம் பிதுங்கும், மீதி உடல் அதற்குள் வழிந்து நகரும். அவசரத்தில் எண்ணினால் இதுவும் வெள்ளணுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒருமுறை தென்படாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. அமீபாவின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை உறுதி செய்யும். ஆனால் சந்தேகம் வலுத்தால் அது வரும்வரை காத்திருக்காமல் ஆம்போடெரிசின் பி, மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகளைத் தொடங்கிவிட வேண்டும். 2024-ல் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்ததில், நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்ததற்குப் பெரும் பங்குண்டு.

மூளையைத் தாக்கும் இன்னொரு அமீபாவான அகாந்தமீபா வேறு வகை. வாரக்கணக்கில் மெதுவாக வளரும், முதுகுத்தண்டு நீரில் அரிதாகவே சிக்கும்.

குளிக்கும்போது மூக்குக் கிளிப் போடச் சொல்லுங்கள். காய்ச்சலும் தலைவலியும் வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்: எந்தத் தேதியில், எந்தக் குளத்தில், மூக்கில் தண்ணீர் ஏறியதா.