ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் கரும்பலகை தேவையா?

கேள்வியைப் பார்த்தால், உங்கள் பள்ளிக்குப் புதிதாக 65 அங்குல பேனல் (ஸ்மார்ட் போர்டுத் தொடுதிரை) வந்திருக்கிறது, கரும்பலகையைக் கழற்றிவிடலாமா என்று பேச்சு ஓடுகிறது போல. கழற்ற விடாதீர்கள். 'பழைய பஞ்சாங்கம்' என்று கமெண்ட் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒரு இன்ச் டேப்பை எடுங்கள்.

65 அங்குலம் என்பது மூலைவிட்டம். அகலம் சுமார் 144 செ.மீ., உயரம் 81 செ.மீ.தான். எட்டுக்கு நாலடிப் பலகை 244-க்கு 122. கடைசி பெஞ்சுக்குத் தெரிகிற மாதிரி 5 செ.மீ. எழுத்தும் அதில் பாதி இடைவெளியுமாக எழுதினால் பேனலில் பத்து வரி. பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் முப்பதுக்கு மேல். பதினோராவது வரிக்காகப் பேனலில் பக்கத்தைத் தள்ளியதும் முதல் வரி மறைந்துவிடும். "இந்த 3 எங்கிருந்து வந்துச்சு சார்?" என்று கேட்கிற பிள்ளைக்கு விரலை நீட்டிக் காட்ட அங்கே ஒன்றும் இருக்காது.

அதே பேனல் இன்னொரு இடத்தில் பலகையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒன்பதாம் வகுப்பு சுற்றுவட்ட மையத்தை, அதாவது முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொடுகிற வட்டத்தின் மையத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பலகையில் மரக் காம்பஸால் வரையுங்கள், பிள்ளைகளும் கூடவே நோட்டில் வரையட்டும். இரண்டு பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடு (பக்கத்தை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு) போதும், அவை வெட்டுகிற இடம்தான் மையம். காம்பஸைப் பக்கத்தின் பாதிக்கு மேல் விரிக்கவில்லை என்றால் விற்கள் வெட்டாது. முதல் வில்லுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் காம்பஸ் நழுவினால் கோடு இடம் தப்பிப்போகும், வட்டம் மூன்றாவது முனையைத் தொடாது. இந்தத் தப்பெல்லாம் நோட்டில் வந்தால்தான் கைக்குப் பழகும்.

பிறகு பேனலில் ஜியோஜீப்ரா, வடிவியல் படங்களை வரைந்து இழுத்துப் பார்க்கிற மென்பொருள். இலவசம்தான், இணையம் இல்லாமலும் ஓடுகிற பதிப்பை முன்பே ஏற்றி வையுங்கள். முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுங்கள். குறுங்கோணமாக இருக்கும்வரை மையம் உள்ளே. செங்கோணம் ஆனதும் கர்ணத்தின் நடுப்புள்ளியில் வந்து உட்காரும். விரிகோணமானால் வெளியே ஓடிவிடும். இதையே பலகையில் காட்ட மூன்று படம் வரையணும், பீரியடில் பாதி போய்விடும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலிலேயே பேனலில் காட்டிவிட்டால் 'தெரியும் சார்' என்பார்கள், காம்பஸ் டப்பாவை யாரும் திறக்கமாட்டார்கள்.

பராமரிப்பு பற்றி யாரும் சொல்வதில்லை. இந்தப் பேனல்களில் பெரும்பாலானவை அகச்சிவப்புத் தொடுதிரை. சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். எது மறித்தாலும் அதற்குத் தொட்ட கணக்குதான். சேலை முந்தானை பட்டால்கூடக் கோடு விழும். சாக்பீஸ் தூள் ஓரத்தில் படிந்தால் தொடாமலே புள்ளி விழும், சில நேரம் ஒரு பட்டை முழுக்க வேலை செய்யாது. சர்வீசுக்குப் போன் போடும் முன், பேனலை அணைத்துவிட்டுச் சட்டத்தின் உள்விளிம்பைக் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் தெளிக்கவே கூடாது. முடிந்தால் பேனலைப் பலகையை ஒட்டி மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள், எதிரே ஜன்னல் இல்லாத சுவராகப் பார்த்து.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். பேனலில் பாடம் நடந்ததற்குப் போட்டோ ஏற்றச் சொல்கிறார்கள். அத்தனை பிள்ளைகளும் திரையைப் பார்த்தபடி இருக்கணுமாம். காம்பஸ் பிடித்து நோட்டில் வரைகிறபோது எடுத்த படம், 'தலை குனிந்திருக்கிறது' என்று திரும்பி வருகிறது.